ரஷ்ய மொழி பேசும் பள்ளி மாணவர்களின் ஆங்கிலத் திறனை எப்படிச் சோதிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒருவரிடம், 13 முதல் 15 வயது வரையுள்ள, ரஷ்ய மொழி பேசும் 20 மாணவர்கள் வந்திருக்கிறார்கள். குழு பிரிப்பதற்காக நம் ஊர் ஒன்பதாம் வகுப்பு கிராமர் வினாத்தாள் ஒன்றை வைத்தார். பாதிப் பேர் 40-க்கு 35-ஐத் தாண்டிவிட்டார்கள். ஆனால் பேசச் சொன்னால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. வினாத்தாளை இன்னும் கடினமாக்க வேண்டுமா என்று கேட்கிறார். கடினமாக்கினால் அதே பாதிப் பேர் 40-க்கு 28 வாங்குவார்கள், அவ்வளவுதான். எதை அளக்கிறோம் என்பது மாறாதவரை எண்தான் மாறும். எனவே அவர் உண்மையில் கேட்பது, ரஷ்ய மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைக் காட்டும் தேர்வு எப்படி இருக்கும் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 35 எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். ரஷ்யப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பிலேயே அந்நிய மொழி தொடங்கிவிடும். ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடவேளை. வினைச்சொல்லை அடைப்புக்குள் கொடுத்து, சரியான வடிவத்தில் எழுதச் சொல்லும் பயிற்சியை அவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். தாய்மொழியே வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் நிறைந்தது என்பதால் 'வடிவத்தை மாற்று' என்ற வேலைக்கு மனம் நன்றாகப் பழகியிருக்கும். நம் வினாத்தாளின் கோடிட்ட இடங்கள் அவர்களுக்குச் சொந்த மைதானம். இன்னொரு பழக்கம், 'டோபிக்' எனப்படும் தயார் உரை. என் குடும்பம், என் ஊர், என் பொழுதுபோக்கு என்று தலைப்புக்கு ஒரு பத்தியை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். 'லண்டன் இஸ் த கேப்பிட்டல் ஆஃப் கிரேட் பிரிட்டன்' என்ற வாக்கியம் அங்கே ஒரு தேசிய நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. ஆக, கோடிட்ட இடமும் மனப்பாடப் பேச்சும் மட்டும் உள்ள தேர்வு வைத்தால் நீங்கள் அளப்பது பள்ளிப் பழக்கத்தைத்தான்.

புதிதாக எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரஷ்யாவின் அரசுத் தேர்வுகளின் அமைப்பை எடுத்துக்கொண்டு அளவைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஓ.ஜி.இ., பதினோராம் வகுப்பு முடிவில் ஈ.ஜி.இ. ஆங்கிலம் இரண்டிலுமே விருப்பப் பாடம். 2022 முதல் கட்டாயமாக்கும் திட்டம் இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. ஈ.ஜி.இ.யில் எழுத்துப் பகுதி 3 மணி 10 நிமிடம்: கேட்டல் 30, படித்தல் 30, இலக்கணமும் சொல்வளமும் 40, எழுதுதல் 90 என்று நேரம் பிரித்துக்கொள்ளச் சொல்வார்கள். 2015 முதல் பேச்சுத் தேர்வும் உண்டு. தேர்வாளர் எதிரில் இருக்கமாட்டார். மாணவர் கணினி முன் அமர்ந்து மைக்கில் பேசுவார், இப்போது மொத்தம் 17 நிமிடம். வினாக்களின் கடினம் ஐரோப்பிய அளவுகோலில் (தொடக்கநிலை ஏ1 முதல் உச்சநிலை சி2 வரை ஆறு படிகள்) ஏ2-வுக்குச் சற்று மேலே தொடங்கி பி2 வரை போகும். உங்கள் மாணவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு என்பதால் பி2-ஐத் தொடவே வேண்டாம். ஏ2-விலிருந்து பி1 வரை பரவியிருந்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: அந்தத் தேர்வுகளின் மாதிரி வினாத்தாள்களும் வினா வங்கியும் பொதுவெளியில் இருக்கின்றன, விடைகளும் இணையத்தில் கிடைக்கும். அமைப்பை எடுங்கள், வினாவை எடுக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். வினாவை எழுதும்போது ரஷ்ய மொழி எங்கே குறுக்கிடுகிறது என்பதை வைத்து எழுதுங்கள். மதிப்பெண் போடும்போது கேட்பவருக்குப் புரிந்ததா என்பதை வைத்துப் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வினா பொதுவான பாடப்புத்தக வினாவாக இருக்கும். திருத்தும்போது மட்டும் ரஷ்யத் தவறுகள் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் வெட்டுவார்கள். விளைவு, துணிந்து நிறையப் பேசிய பிள்ளை தோற்கும். மூன்று பாதுகாப்பான வாக்கியம் சொன்ன பிள்ளை ஜெயிக்கும்.

ஆர்ட்டிகிளை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய மொழியில் அது கிடையாது, எனவே சோதிக்கவே வேண்டும். ஆனால் தனித்தனி வாக்கியங்களாகக் கொடுத்தால் வினாவே ஓட்டையாகிவிடும். 'ஐ பாட் ___ புக்' என்றால் 'அ'வும் சரி, 'த'வும் சரி. எந்தப் புத்தகம் என்று சூழல் சொன்னால்தான் விடை ஒன்றாகும். ஏறக்குறைய 120 சொல்லில் ஒரு சிறு கதை எழுதி, அதில் எட்டு இடத்தில் கோடு விடுங்கள். அவற்றில் இரண்டு மூன்றில் எதுவுமே வரக்கூடாது. கோடு இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பும் பழக்கம் அங்கே பிடிபடும். 'அ', 'த', வெற்றிடம் என மூன்றில் ஒன்று என்பதால் குருட்டாம்போக்கில் போட்டாலே எட்டுக்கு இரண்டு மூன்று வந்துவிடும். ஆகவே இந்தப் பகுதிக்கு இரண்டு சரிக்கு ஒரு மதிப்பெண் என்று வைப்பது நல்லது. தமிழிலும் ஆர்ட்டிகிள் இல்லை என்பதால் திருத்தும் நமக்கே சில இடங்கள் கண்ணில் படாமல் நழுவும். விடைக்குறிப்பைத் தேர்வுக்கு முன்பே எழுதி, ஆங்கிலத்தில் கைதேர்ந்த இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள்.

டென்ஸ் வினாக்களில் பெரும்பாலானவை தாமே விடையைக் காட்டிக்கொடுக்கும். வாக்கியத்தில் 'சின்ஸ்' இருந்தால் 'ஹேவ்' போடு என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். அங்கே சோதிக்கப்படுவது அந்தச் சூத்திரம்தான். அடையாளச் சொல் இல்லாத வினா வையுங்கள். உதாரணமாக 'ஹவ் லாங் ___ யூ ___ அன்யா?' என்று கொடுத்து, 'நோ' என்ற வினையை அடைப்பில் போடுங்கள். வர வேண்டியது 'ஹேவ் நோன்'. சூத்திரத்தை நம்பும் பிள்ளை 'டூ யூ நோ' என்று எழுதும், ஏனென்றால் ரஷ்ய மொழியில் இதை நிகழ்காலத்தில்தான் கேட்பார்கள். நாமும் 'அன்யாவை எத்தனை நாளாத் தெரியும்?' என்றுதானே கேட்கிறோம். அதேபோல 'இஃப்', 'வென்' வரும் பகுதியில் 'வில்' சேர்ப்பது, மறைமுகக் கேள்வியில் 'வேர் இஸ் த ஸ்டேஷன்' என்ற வரிசையை அப்படியே வைப்பது, 'நத்திங்' வரும் வாக்கியத்தில் 'டோன்ட்' சேர்த்து இரண்டு எதிர்மறை வைப்பது, 'டிபெண்ட்' என்பதோடு 'ஃப்ரம்' போடுவது, படத்தைப் பற்றிப் பேசும்போது 'ஆன் த பிக்சர்' என்பது, 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்பது: எல்லாம் நேரே ரஷ்ய மொழியிலிருந்து வருபவை. நான்கு விடைகள் தரும் வினாவில் தவறான விடைகளில் ஒன்றாவது இப்படிப்பட்டதாக இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்காத தவறான விடை வெறும் இடநிரப்பிதான். ஒலியொத்த சொற்களையும் அப்படியே பயன்படுத்தலாம்: 'மேகசின்' என்றதும் கடை என்றும், 'அக்யுரேட்' என்றதும் நேர்த்தியாக உடுத்தியவர் என்றும் நினைப்பார்கள். இந்த வகையில் இரண்டு வினாவுக்கு மேல் வேண்டாம், அது பொறிவைக்கும் விளையாட்டாகிவிடும்.

படித்தல் பகுதிக்கு உரை தேர்ந்தெடுப்பதில் நம் ஆசிரியர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். நமக்குக் கடினமாகத் தெரியும் நீளமான லத்தீன் வழிச் சொற்கள், அதாவது 'இன்ஃபர்மேஷன்', 'ரெவல்யூஷன்', 'டெம்பரேச்சர்', 'பாப்புலர்', 'கான்ஸ்டிட்யூஷன்' போன்றவை, ரஷ்ய மொழியிலும் கிட்டத்தட்ட அதே உருவில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு அவை இலவசம். மாறாக 'புட் ஆஃப்', 'கெட் ஆன்', 'கிவ் அப்', 'டர்ன் டவுன்' என்று நாம் சாதாரணமாகக் கடந்துபோகும் குட்டிச் சொற்கள் அவர்களுக்கு இருட்டு. விண்வெளி ஆய்வு பற்றிய கட்டுரை அவர்களுக்கு எளிதாகவும், இரண்டு தோழிகள் சினிமாவுக்குப் போவதைத் தள்ளிப்போடும் உரையாடல் கடினமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். எனவே ஒன்று தகவல் உரை, ஒன்று அன்றாட உரையாடல் அல்லது கடிதம் என்று இரண்டு வகையும் வையுங்கள். முதலாவது 250 சொல், இரண்டாவது 150 சொல், ஒவ்வொன்றுக்கும் ஆறு வினா. 'சரி, தவறு, உரையில் சொல்லப்படவில்லை' என்ற வகை அவர்களுக்குப் பழக்கமானதுதான். மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் வினாவிலேயே தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்டல் பகுதியை உங்கள் குரலிலேயே பதிவு செய்யாதீர்கள். உங்கள் ஆங்கிலம் குறை என்பதற்காகச் சொல்லவில்லை. வகுப்பில் தினம் கேட்டுப் பழகிய குரல் அவர்களுக்கு ஊன்றுகோலாகிவிடும். இரண்டு புதிய குரல்கள், இரண்டு பதிவுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம், வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 140 சொல், இரண்டு முறை ஒலிக்க வேண்டும். அரசுத் தேர்விலும் இரண்டு முறைதான். விடையைச் சொல்லாக எழுதச் சொல்லாதீர்கள். எழுத்துப்பிழைக்கும் காதுக்கும் சண்டை வந்துவிடும். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வகையே போதும். வினாவுக்கான குறிப்புரையை ஏ2 மாணவர்களுக்கு ரஷ்ய மொழியில் தந்தால் தப்பில்லை. அரசுத் தேர்வில் கேட்டல், படித்தல் பகுதிகளின் குறிப்புரை ரஷ்ய மொழியில்தான் இருக்கும்.

எழுதுதலுக்கு நண்பரின் மின்னஞ்சலுக்குப் பதில். வந்த மடலில் நண்பர் மூன்று கேள்வி கேட்டிருப்பார்; மாணவர் மூன்றுக்கும் பதில் சொல்லி, ஒரு செய்தியைப் பற்றி மூன்று கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். பல பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரியும், கேள்வி கேட்க வராது. ரஷ்ய மொழியில் ஆம்-இல்லை கேள்விக்கு வாக்கிய வரிசை மாற வேண்டியதில்லை, தொனி மாறினால் போதும். 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றும் அங்கேதான் காணாமல் போகும். ஈ.ஜி.இ.யில் இதற்கு 100 முதல் 140 சொல். பத்து விழுக்காடு வரை விட்டுக்கொடுப்பார்கள். 90-க்குக் கீழே போனால் முழு விடைக்கும் பூஜ்யம். 154-ஐத் தாண்டினால் முதல் 140 சொல்லை மட்டுமே திருத்துவார்கள். பூஜ்யம் கடுமைதான், ஆனால் இறுதித் தேர்வுக்கு அது நியாயம். குழு பிரிக்கும் தேர்வுக்கு அந்த விதியைக் கொண்டுவராதீர்கள். 80 முதல் 100 சொல் கேளுங்கள், குறைந்தால் உள்ளடக்கத்தில் மட்டும் மதிப்பெண் குறையட்டும். 'டோன்ட்' போன்ற சுருக்க வடிவங்களை ஒரே சொல்லாக எண்ணுவது அங்கே வழக்கம், அதையே பின்பற்றுங்கள். கிழமை, மாதம், நாட்டினப் பெயர்களைச் சிறிய எழுத்தில் தொடங்குவது, 'ஐ திங்க்' என்றதும் காற்புள்ளி வைப்பது, தசம எண்ணில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவது எல்லாம் ரஷ்ய எழுத்து வழக்கம். அறியாமை என்று எண்ண வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தவறாகக் கணக்கிடுங்கள். கையெழுத்தில் எழுதினால் இன்னொன்றும் உண்டு: ரஷ்யக் கூட்டெழுத்தில் 'த' ஒலிக்கான எழுத்து ஆங்கில எம் போலவும், 'ப' ஒலிக்கானது என் போலவும் இருக்கும். அவசரத்தில் கை பழைய பாதைக்குப் போய்விடும். அதை எழுத்துப்பிழையாகக் கொள்ளும் முன் அதே தாளில் அந்த எழுத்து வேறு இடத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எப்படியானாலும் இதை வீட்டுப்பாடமாகத் தராதீர்கள். கேமரா முன், 25 நிமிடத்தில் எழுதட்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலிக்குத்தான் மதிப்பெண் போடுவீர்கள்.

பேச்சுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 20 பேருக்கு 200 நிமிடம், இரண்டு மாலை. மூன்று வேலை போதும். முதலில் ஒரு விளம்பரம், உதாரணமாக நீச்சல் வகுப்பு. ஒரு நிமிடம் யோசித்து, கட்டணம், நேரம், இடம், தள்ளுபடி பற்றி நான்கு நேரடிக் கேள்வி கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. அடுத்தது பேட்டி, ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி. மூன்றாவது இரண்டு புகைப்படங்களை ஒப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுவது. யோசிக்க ஒன்றரை நிமிடம். இந்த மூன்றும் ஈ.ஜி.இ. அமைப்பின் சிறிய வடிவம். அதில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்க்க வேண்டும்: மூன்றாவது முடிந்ததும், மாணவர் இப்போது சொன்ன ஏதோ ஒன்றைப் பிடித்து, தயார் செய்யாத ஒரு கேள்வி கேளுங்கள். 'பாட்டி வீட்டில் கோடையைக் கழிப்போம்' என்றாரா, 'பாட்டியிடம் எந்தச் சண்டையில் நீ தோற்றாய்?' என்று கேளுங்கள். டோபிக் அங்கே உடையும். அதுவரை சரளமாகப் போன பேச்சு பத்து விநாடி நின்று, பிறகு தட்டுத்தடுமாறி வரும் இரண்டு வாக்கியம்தான் அந்தப் பிள்ளையின் உண்மையான ஆங்கிலம். கணினித் தேர்வில் இதைச் செய்ய முடியாது. நேரலையில் பேசுவதன் ஆதாயமே இதுதான். அமைதியாக இருந்தால் உடனே உதவாதீர்கள், மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். தவறுக்கு உடனுக்குடன் திருத்தம் வாங்கிப் பழகியவர்கள் வாக்கியத்தைத் தலைக்குள் முழுசாகக் கட்டிய பிறகே வாயைத் திறப்பார்கள்.

உச்சரிப்பில் திருத்துபவரின் காதும் ஒரு கருவி, அதற்கும் கோணல் உண்டு. தமிழ்க் காதுக்குக் குறில் நெடில் வேறுபாடு பளிச்சென்று கேட்கும். ரஷ்ய மொழியில் நீளத்தால் பொருள் மாறாது. எனவே 'ஷிப்', 'ஷீப்' இரண்டையும் அவர்கள் ஒன்றாகச் சொல்லும்போது நமக்கு அது பெரும் பிழையாகத் தோன்றும். மறுபுறம் ஆங்கிலத்தின் 'வி'யையும் 'டபிள்யூ'வையும் அவர்களும் குழப்புவார்கள், நம்மில் பலரும் குழப்புவோம். அந்தப் பிழை நமக்குக் கேட்காமலே போகும். சொல்லின் கடைசியில் வரும் ஜி, டி, பி போன்ற அதிரொலிகளை அவர்கள் அதிர்வில்லாமல் சொல்லி, பையைக் குறிக்கும் சொல்லை முதுகைக் குறிக்கும் சொல் போல ஒலிப்பார்கள். பொருள் மாறும் பிழை இது, இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 'திங்க்' என்பதை 'சிங்க்' என்பதும் அப்படியே. ஈ.ஜி.இ.யின் உரக்க வாசிக்கும் பகுதியில் ஐந்து ஒலிப்பிழை வரை பொறுப்பார்கள், அவற்றில் பொருளைக் கெடுப்பவை இரண்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பிரிவினை நல்ல வழிகாட்டி. 'டு யூ லைக் மியூசிக்?' என்று கேட்டால் 'ஆஃப் கோர்ஸ்' என்று வெடுக்கெனப் பதில் வரும். அவர்கள் மொழியில் அது சாதாரணமான 'ஆமாம்'. மரியாதைக் குறைவு என்று மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

பேச்சை நான்கு அளவில் போடுங்கள்: கேட்டதைச் செய்தாரா, தொடர்ந்து பேசினாரா, சொல்லும் இலக்கணமும், உச்சரிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 12. பதிவு செய்வது கட்டாயம், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருத்தும்போது ஒரு மாணவரின் முழுப் பேச்சையும் கேட்டு முடிக்காமல், 20 பேரின் முதல் வேலையை எல்லாம் வரிசையாகக் கேட்டு, பிறகு இரண்டாவதற்கு வாருங்கள். முதல் பதிலின் பளபளப்பு அடுத்ததில் ஒட்டாது. அங்கே அரசுத் தேர்வில் எழுத்தையும் பேச்சையும் இருவர் தனித்தனியே திருத்துவார்கள், இடைவெளி பெரிதானால் மூன்றாமவரிடம் போகும். உங்களுக்கு இரண்டாம் ஆள் கிடைக்காவிட்டால், ஒரு வாரம் கழித்துப் பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஏழு பதிவுகளை மறுபடி திருத்துங்கள். 12-க்கு இரண்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் அளவுகோல் உங்கள் கையில் நிற்கவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் மறுபடி கேட்பதைத் தவிர வழியில்லை.

மற்ற நான்கு பகுதிக்கும் தலா 12 என்று வைத்தால் மொத்தம் 60. இலக்கணம் அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. மொத்தத்தைவிட ஐந்து எண்களையும் தனித்தனியே பார்ப்பதே பயன். இலக்கணம் 11, பேச்சு 4 என்று வரும் பிள்ளையும், இலக்கணம் 5, பேச்சு 10 என்று வரும் பிள்ளையும் மொத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒரே குழுவில் போட்டால் இருவருக்கும் வகுப்பு வீண். இணைய விளையாட்டுகளில் ஆங்கிலம் பிடித்த பிள்ளைகள் இரண்டாம் வகையில் வருவது உண்டு.

தேர்வு முடிந்ததும் வினாக்களையே சோதித்துப் பாருங்கள். மேலே உள்ள ஏழு பேர், கீழே உள்ள ஏழு பேர் என்று எடுத்து, ஒவ்வொரு வினாவிலும் எத்தனை பேர் சரி என்று பாருங்கள். கீழ்க்குழுவே அதிகம் சரி செய்த வினா பெரும்பாலும் வினாவின் கோளாறு: இரண்டு விடை சரியாக இருக்கும், அல்லது விடைக்குறிப்பு தப்பாக இருக்கும். 19 பேர் சரி செய்ததை அடுத்த முறை எடுத்துவிடலாம். ஆனால் 20 பேரை வைத்து வரும் இந்தக் கணக்கு சந்தேகத்தைக் காட்டும் விரல் மட்டுமே. ஒருவர் இடம் மாறினாலே படம் மாறும்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. ரஷ்ய மொழி பேசுபவர் என்றால் வீட்டிலும் அதே மொழி என்று இல்லை. ரஷ்யாவின் கசானிலிருந்து வரும் பிள்ளை தாத்தார் மொழியும், கஜகஸ்தானின் அல்மாட்டியிலிருந்து வரும் பிள்ளை கசாக் மொழியும் பேசலாம். அந்த மொழிகளின் குறுக்கீடு வேறு, மேலே சொன்ன தவறுப் பட்டியல் அங்கே முழுசாகப் பொருந்தாது. விண்ணப்பத்திலேயே வீட்டு மொழியைக் கேட்டுவிடுங்கள். அடுத்து, நீங்களே தயாரித்த 60 மதிப்பெண் தேர்வை வைத்து 'உங்கள் மகள் பி1' என்று பெற்றோருக்கு எழுதித் தராதீர்கள். அந்தச் சொல்லுக்கு வெளித்தேர்வின் அளவீடு வேண்டும். ரஷ்யாவுக்குள் ஐஇஎல்டிஎஸ், டோஃபல் நடத்துவது 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், அந்தச் சான்றிதழ் தேவைப்படுபவர்கள் எல்லை தாண்டி கஜகஸ்தான், ஆர்மீனியா போன்ற நாடுகளுக்குப் போய் எழுதுகிறார்கள். செலவுள்ள வேலை, குழு பிரிக்க அது தேவையில்லை. 'இந்தக் குழுவுக்குப் பொருத்தம்' என்பதுவரை உங்கள் தேர்வு தாங்கும். பிரிக்கும் கோட்டுக்கு இருபுறமும் மூன்று மதிப்பெண்ணுக்குள் நிற்பவர்களை எண்ணை மட்டும் பார்த்துத் தள்ளாமல், தனியாக ஐந்து நிமிடம் பேசவிட்டு முடிவெடுங்கள். ஐயம் தீராவிட்டால் மேல் குழுவில் போட்டு, இரண்டு வாரத்தில் மாற்றக்கூடும் என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலிருந்து கீழே இறக்கும்போது வரும் மனவருத்தம் அப்போது பாதியாகும்.